பேரனின் விளையாட்டில் ஒரு துகள் குறைகிறது



விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் கணினியில் 'பவுடர் டாய்' என்று ஒரு விளையாட்டு ஆடுகிறான். இலவசம்தான். திரையில் மணல் கொட்டலாம், தண்ணீர் ஊற்றலாம், தீ வைக்கலாம். வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் அதுவே கணக்கிட்டுக் காட்டுகிறது. புளூட்டோனியத்தின் மேல் நியூட்ரானை விட்டால் தொடர்வினை நடக்கிறது. திட்டத்தான் போனேன், அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று அவன், "தாத்தா, இதுல புதுசா ஒரு ஆற்றல் துகள் சேர்க்கச் சொல்லி எழுதப் போறேன். எது மேல பட்டாலும் அழிச்சிடும். எதாலயும் தடுக்க முடியாது" என்றான்.

எனக்கு உடன்பாடில்லை. அப்படி ஒன்றை வைத்து ஐந்து நிமிடம் விளையாடலாம். அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? ஒரு துகள் எங்கிருந்து வருகிறது, எது அதைத் தடுக்கிறது, கடைசியில் என்னவாகிறது? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

ஒளித்துகள், எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் எல்லாம் அதில் உண்டு. ஆல்பா துகளைக் காணோம். அதைச் சேர்க்கச் சொல் என்றேன். யுரேனியத்திலிருந்தும் பொலோனியத்திலிருந்தும் அது வரட்டும். இரண்டும் விளையாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும். ஒரு தாள் காகிதமே அதை நிறுத்திவிடும். நின்றதும் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு ஹீலியம் ஆகும். விளையாட்டில் மந்த வாயு இருக்கிறது, அதுவாக மாறட்டும். மெல்லிய தங்கத் தகட்டில் பட்டால் பெரும்பாலானவை நேராகப் போகட்டும், சில விலகட்டும், ஆயிரக்கணக்கில் ஒன்று திரும்பி வரட்டும்.

1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் வழிகாட்டுதலில் கெய்கரும் மார்ஸ்டனும் செய்த சோதனைதான் இது. துத்தநாக சல்பைடு பூசிய திரையில் துகள் படும் இடத்தில் சின்னதாக ஓர் ஒளிப்பொட்டு தோன்றும். இருட்டறையில் நுண்ணோக்கி வழியே பார்த்து அவற்றை எண்ணினார்கள். அதிலிருந்துதான் 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் உட்கரு இருக்கிறது என்றார்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வருடம் இதைக் கரும்பலகையில் வரைந்து நடத்தியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "கண்ணுக்கே தெரியாதது திரும்பி வந்துச்சுன்னு எப்படி சார் பார்த்தாங்க?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "புத்தகத்துல இருக்கறதைப் படி, உட்காரு" என்றேன். அதற்குப் பிறகு அவன் வகுப்பில் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த ஒளிப்பொட்டுகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்துத்தான்.

அந்தத் தம்பி இதைப் படித்தால்: நீ கேட்டது சரியான கேள்வி. உட்காரச் சொன்னது என் தவறு.

பேரன் ஆல்பாவைப் பற்றி எழுத ஒப்புக்கொண்டான், தன் 'எல்லாவற்றையும் அழிக்கும் கதிரை' இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டு! இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதுபோல் ஏதாவது விளையாடினால், திட்டுவதற்கு முன் சற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.