தணல் வேண்டாம்... ஜன்னல் வேண்டும்!

மார்கழி பிறந்துவிட்டால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "டாக்டர், பனிக்கு ஒடம்பு தாங்கல. என்ன லேகியம் சாப்பிடலாம்?" லேகியம் இருக்கட்டும். ராத்திரி உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

"ஒண்ணுகூட இல்லீங்க. பனி உள்ள வந்துடுமே!"

இங்கேதான் எனக்கும் ஊர் வழக்கத்துக்கும் சண்டை. பனிக்காலம் வந்தால் உடம்புக்கு மருந்து தேடுகிறோம். வீட்டை மட்டும் பெட்டி மாதிரி பூட்டி வைக்கிறோம். களமருதூர் போன்ற சமவெளி ஊர்களில் ஒரு கம்பளியோடு குளிர் அடங்கிவிடும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் போனால் கதை வேறு. பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்பைத் தொடும். அடுப்பில் மிஞ்சிய கங்கைச் சட்டியில் அள்ளி, படுக்கிற இடத்துப் பக்கத்தில் வைக்கிற வீடுகள் உண்டு. கீழேயும் பிள்ளை பெற்ற வீடென்றால் இதே ஏற்பாடுதான். துணி திணித்த ஜன்னல், சாத்திய கதவு, மூலையில் கரிச்சட்டி. நடுவில் பத்து நாள் சிசு!

"புகைதானே கெடுதல்? கங்கு நல்லாச் செவந்து, புகை அடங்கினப்புறம்தான் உள்ள வைக்கிறேன்" என்று விவரமாகச் சொல்லும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. காற்று போதாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, கண்ணைக்கூட எரிக்காது. புகையாவது இருமல் வரவழைத்து நம்மை எழுப்பிவிடும், இது எழுப்பாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதி அறையில், பார்பிக்யூ அடுப்பில் கரி கனன்று கொண்டிருக்கும்போதே தூங்கிப்போன இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவேயில்லை.

அதனால், தூங்குகிற அறையில் தணல் கூடவே கூடாது. குளிர் காய வேண்டுமா? வாசலில் காயுங்கள். பாத்ரூமுக்குள் கேஸ் கெய்சர் வைத்திருக்கும் டவுன்காரர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். குளிரும் நாளில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலைவலி, வாந்தி என்றால் பித்தம் என்று சுக்கைத் தேடாதீர்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். அவர்களுக்கு வேண்டியது ஆக்ஸிஜன்.

"சித்த வைத்தியரே புகையைக் குறை சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். நொச்சியும் வேப்பிலையும் புகைப்பது நம் முறைதான், மறுக்கவில்லை. சாயங்காலம் ஆளில்லாத அறையில் புகை போட்டு, அரை மணி நேரம் கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். குழந்தை படுக்கும் அறையிலும், இழுப்புக்காரர் இருக்கும் வீட்டிலும் அதுவும் வேண்டாம். கொசுவர்த்திச் சுருளை ஏதோ சாது மாதிரி நினைக்கிறோம். சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் வெளியான ஆய்வில், ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கண்டார்கள். கொசுவலை கட்டுங்கள், வலையிலிருந்து புகை வராது!

அப்படியானால் சிசுவுக்குச் சூடு? அம்மாவின் மார்பு இருக்கிறதே! கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் 1978-ல், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில், எடை குறைந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று உலகமே இன்று அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை, மேலே ஒரு போர்வை. அப்பாவும் அணைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு சுற்று வாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணைக் கரை ஊர்களைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். மழையில் ஊறிய மண் சுவர் வெயில் வந்த பிறகும் சரியும். விரிசல் விட்ட சுவரோரம் பாயை விரிக்காதீர்கள். கரும்புச் சோகையையும் விறகையும் சுவரை ஒட்டி அடுக்கினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்தவரைக் கடிக்கும்; வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்றால் மந்திரிக்கப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

புதர்களில் இருக்கும் பூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலும் நம் பக்கம் இந்த மாதங்களில்தான் அதிகம். அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இதற்குக் கசாயம் கொடுத்து நாளைக் கடத்தும் வைத்தியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டாக்ஸிசைக்ளின் என்கிற மலிவான மாத்திரை இருக்கிறது. காலத்தில் கொடுத்தால் உயிர் தப்பும், தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும்.

சரி, லேகியத்துக்கு வருவோம். பனிக்காலத்தில் கபம் மிஞ்சும். தூதுவளை ரசம், கற்பூரவல்லி, சுக்கு மிளகு திப்பிலி போட்ட வெந்நீர்... சாதாரணச் சளிக்கு இவை போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் மட்டும் தொட்டு வைக்காதீர்கள். சளி பிடித்த குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60-ஐத் தொட்டாலோ, ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலோ, ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, என்னிடம்கூட வர வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.