கோடி போகும் வழி

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் சின்னது, கேள்வி பெரியது. "என் நாத்தனார் பிள்ளை சினிமாவில் லைட்மேனாக இருக்கிறான். பேப்பரைப் பிரித்தால் இந்தப் படம் நூறு கோடி, அந்தப் படம் இருநூறு கோடி என்று போடுகிறார்கள். இவனோ தீபாவளிக்கு ஊருக்கு வர என்னிடம்தான் பஸ் காசு கேட்கிறான். அத்தனை கோடியும் எங்கேதான் போகிறது?"

நியாயமான கேள்வி. நடிகையின் புடைவைக் கரையைப் பற்றி விசாரித்து நமக்கு வாரந்தோறும் கடிதம் வருகிறது. சினிமாவின் வரவு செலவை விசாரித்து வருவது அபூர்வம். மளிகைக் கணக்கில் நாலணா இடித்தால்கூடக் கண்டுபிடித்துவிடும் நம் பெண்மணிகள், இந்தக் கணக்கையும் ஒரு கை பார்க்க வேண்டாமா?

முதலில் வரவு. சினிமாவுக்கும் டி.வி.க்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வேறு எங்கிருந்து? உங்கள் அஞ்சறைப் பெட்டியிலிருந்துதான்!

சினிமா டிக்கெட் விஷயம் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தோடு சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏறிப் போய்ப் படம் பார்க்கிறீர்கள். அந்த டிக்கெட் பணத்தில் முதல் கை சர்க்காருடையது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டானால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நூறு ரூபாய்க்குள் இருந்தால் 2025 செப்டம்பர் முதல் 5 சதவீதம். தியேட்டர் இருக்கும் ஊரின் உள்ளாட்சி மன்றத்துக்குச் சேரும் கேளிக்கை வரி தனி. மீதியைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் பங்கு போட்டுக் கொள்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் படம் எடுத்தவருக்கு.

ஆகவே, பத்திரிகையில் வரும் 'நூறு கோடி' என்பது பெரும்பாலும் உலகமெல்லாம் டிக்கெட் ஜன்னலில் விழுந்த மொத்தப் பணம். வரியும் பங்கும் போவதற்கு முன் இருந்த தொகை. நெல் களத்தில் குவிந்திருக்கும்போது பார்த்துவிட்டு, "அடேயப்பா! இவ்வளவும் வீட்டுக்கா?" என்று கேட்பது போலத்தான் இது. கூலி, வாரம், உரக்கடன் எல்லாம் அளந்த பிறகு குதிருக்கு வருவது எவ்வளவு என்பது விவசாயி வீட்டு அம்மாவுக்குத் தெரியாதா?

"டிக்கெட் சரி. சீரியல் இலவசம்தானே?" என்கிறீர்களா? அங்கேதான் ஏமாந்து போகிறோம். கேபிளுக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை இருக்கட்டும். சீரியலுக்கு நடுவே சோப்பு வருகிறது, எண்ணெய் வருகிறது, மசாலாப் பொடி வருகிறது, நகைக்கடை வருகிறது. இவர்களெல்லாம் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சோப்பின் விலையில் சேர்த்து நம்மிடமே வசூலித்து விடுகிறார்கள். சீரியல் பார்க்காதவரும் சோப்பு வாங்கினால் சீரியலுக்குப் பணம் கொடுத்தவர்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. அதற்குப் பிறகுதான் தினசரி சீரியல் என்ற பெரிய யந்திரம் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. இல்லத்தரசிகள் வேலையெல்லாம் முடித்துச் சற்றே உட்காரும் அந்த அரை மணிக்குத்தான் விலை. அந்த விலைக்குத்தான் அத்தனை போட்டி.

இனிச் செலவைப் பார்ப்போம். பெரிய நட்சத்திரப் படங்களில் பெரும் பகுதி சம்பளமாகவே கரைந்து போகிறது என்று தயாரிப்பாளர்களே வெகுநாளாகக் குறைப்படுகிறார்கள். அதற்குக் கீழே இருப்பது ஒரு பெரிய ஜன சமுத்திரம். காமிராக்காரர், லைட்மேன், தச்சர், பெயிண்டர், தையற்காரர், தலை அலங்காரம் செய்பவர், டிரைவர், சமையற்காரர், துணை நடிகர் என்று சொல்லிக் கொண்டே போகலாம். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள். சுமார் 25,000 அங்கத்தினர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொண்டால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று பாருங்கள். இவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்ல. வேலை உள்ள நாளில் கூலியும் பேட்டாவும் உண்டு. வேலை இல்லாத நாளில் இரண்டும் இல்லை.

முன்பு இப்படி இல்லை. சினிமா என்றால் சென்னை மட்டும் என்றும் இருக்கவில்லை. சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. ஏ.வி.மெய்யப்பன் 'நாம் இருவர்' படத்தை 1947-ல் காரைக்குடியிலிருந்துதான் வெளியிட்டார். 1948-ல் கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தார். அந்தப் பெரிய ஸ்டூடியோக்களில் எழுத்தாளர் முதல் தச்சர் வரை பலருக்கு மாதச் சம்பளம். முதல் தேதி என்று ஒன்று இருந்தது. அந்தச் சம்பளம் சேலத்து மளிகைக் கடையிலும் கோவை ஜவுளிக் கடையிலும் செலவாயிற்று. நாளடைவில் தொழில் சென்னையில் குவிந்தது. ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஸ்டூடியோவோடு முதல் தேதியும் போய்விட்டது.

ஸ்ரீமுஷ்ணம் சகோதரிக்குப் புரியும்படி சொல்வதானால், சினிமா என்பது நெல் சாகுபடி மாதிரி. விளைந்தால் உண்டு, மழை பொய்த்தால் இல்லை. டி.வி. சீரியலோ கறவை மாடு மாதிரி. தினம் கொஞ்சம் பால் நிச்சயம். ஒரு சீரியல் இரண்டு மூன்று வருஷம் ஓடினால் அத்தனை நாளும் அதில் உள்ளவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். சினிமாத் தொழிலாளர் பலரை நடுவில் தாங்கிப் பிடிப்பது இந்தச் சீரியல்கள்தான். நாம் மாமியார் மருமகள் சண்டையைப் பரிகாசம் செய்கிறோம். அந்தச் சண்டை ஒரு வாரம் நீண்டால் யாரோ ஒருவர் வீட்டில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாகிறது!

ஆனால் மாடும் ஒரு சமயம் வற்றிப் போயிற்று. 2020 மார்ச் 19-ஆம் தேதி முதல் கொரோனாவினால் எல்லாப் படப்பிடிப்பும் நின்றது. டி.வி.யில் பழைய சீரியல்களையே மறுபடி பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் தொழிலாளர் சம்மேளனம் அரிசி மூட்டைக்கு வேண்டுகோள் விட வேண்டியிருந்தது. ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார். மற்ற நடிகர்களும் கொடுத்தார்கள். மே மாதத்தில் சீரியல் எடுக்க அனுமதி வந்தபோது, ஓர் இடத்தில் 20 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். சில நாளில் அதை 60 ஆக உயர்த்தினார்கள்.

அந்த 20 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடிகர்கள், டைரக்டர், காமிராக்காரர் இல்லாமல் முடியாது. அப்படியானால் வீட்டுக்குப் போகச் சொல்வது யாரை? டீ கொடுப்பவரை, புடைவைக்கு இஸ்திரி போடுபவரை, மூன்றாவது லைட்மேனை. கதாநாயகிக்கு வேலை போகவில்லை. கதாநாயகியின் ஜடையைப் பின்னியவருக்குப் போயிற்று.

பெண்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பம்பாய் சினிமாவில் வெகுகாலம் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. பெண்கள் தலை அலங்காரம் செய்யலாம். முகத்துக்கு மேக்கப் போடக் கூடாது. மேக்கப் கலைஞர் என்ற கார்டைச் சங்கம் ஆண்களுக்கே கொடுத்து வந்தது. கூந்தல் வரை பெண்ணுக்கு, நெற்றியிலிருந்து ஆணுக்கு என்று எல்லை பிரித்து வைத்திருந்தார்கள்! 2014 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு கார்டு இருந்தால் கூலி, இல்லாவிட்டால் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான் என்ற தொழிலில் அது சின்ன விஷயமல்ல.

சரி, சென்னையில் உள்ளவர்கள் கதை இது. நம் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு என்ன திரும்பி வந்தது?

உங்கள் ஊர் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அங்கே முஸ்லிம் அன்பர்கள் மாலை மரியாதையோடு பெருமாளை வரவேற்பது நெடுநாள் வழக்கம். பக்தி ஒரு புறம் இருக்கட்டும். வழி நெடுகப் பூக்காரிக்கும் வளையல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறது. கடன் வாங்கிச் சரக்குப் பிடிப்பவர் கூடப் பயமில்லாமல் பிடிக்கிறார். ஏன்? மாசி மகம் வராமல் போகாது. பஞ்சாங்கத்தில் தேதி இருக்கிறது.

அதே கிள்ளைக்குப் பக்கத்தில்தான் பிச்சாவரம். சுமார் 1,100 ஹெக்டேரில் சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த உப்பங்கழிக் காடு. எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' 1975-ல் வந்தது. அதன் காட்சிகள் பிச்சாவரத்தில் எடுக்கப்பட்டன. பின்னால் வேறு படக்குழுக்களும் வந்து போயின. படம் எடுத்தவர்கள் தங்கியது சில நாள். சாப்பாடு, வண்டி வாடகை, படகுக் கூலி என்று கொடுத்ததும் அந்தச் சில நாளைக்குத்தான். படம் பார்த்தவர்களோ ஐம்பது வருஷமாக வந்து கொண்டிருக்கிறார்கள். "இங்கேதான் எம்.ஜி.ஆர். படம் எடுத்தார்கள்" என்று படகோட்டி துடுப்பை நிறுத்திக் காட்டுவது இன்றும் வழக்கம். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் விடுமுறை நாளில் எவ்வளவு கூட்டம்! படகோட்டிக்கும் மீன் வறுத்து விற்கும் அம்மாளுக்கும் நின்று நிதானமாகக் கிடைக்கும் வருமானம் இதுதான்.

ஆகவே, படப்பிடிப்பு நடந்தால் ஊர் பணக்கார ஊராகிவிடும் என்று நினைப்பது வீண். அந்த இடத்தைப் பிறகு ஒழுங்காக வைத்திருந்தால்தான் ஊருக்கு லாபம். 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தைத் தணித்து உயிர்களைக் காத்த காடு அது. 2022-ல் ராம்சார் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இடம் பெற்றது. குப்பையைப் போட்டுக் கெடுத்துவிட்டால் காமிராவும் வராது, ஜனங்களும் வரமாட்டார்கள்.

காட்சி மட்டுமா, கதையும் இந்த ஜில்லாவிலிருந்து போயிருக்கிறது. 2021-ல் வந்த 'ஜெய் பீம்' கதை, கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் 1993-ல் போலீஸ் காவலில் ஓர் ஏழைக்கு நேர்ந்த கொடுமையை வைத்து எழுதப்பட்டது. பிற்பாடு நீதிபதியான சந்துரு அப்போது வக்கீலாக இருந்து நடத்திய வழக்கு. படம் பேர் வாங்கியதும், அந்தக் குடும்பத்தின் வறுமையை வெளியே எடுத்துச் சொன்னார்கள். நடிகர் சூர்யா அந்த அம்மாளின் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை போட்டு, வட்டி மாதாமாதம் கிடைக்க ஏற்பாடு செய்வதாக அறிவித்தார். இருளர் மக்கள் நலனுக்கு 1 கோடி ரூபாயும் கொடுத்தார். நல்ல காரியம். பாராட்ட வேண்டியதுதான். ஆனாலும் ஒன்று. அதைக் கொடுத்தது மனிதருடைய நல்ல மனசு. நல்ல மனசை நம்பி யாரும் வீட்டுக் கணக்கு எழுத முடியாது. அது இன்னொருவருக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருவோம். கோடி உண்மையில் இருக்கிறது; ஆயிரம் கையில் பிரிந்தும் போகிறது. அதில் உங்கள் பிள்ளையின் கைக்கு வருவது தொகையில் சின்னது என்பதைவிட, எப்போது வரும் என்பது தெரியாதது என்பதுதான் பெரிய கஷ்டம். கூலி குறைவாக இருந்தாலும் தேதி தெரிந்தால் குடித்தனம் நடத்திவிடலாம். நம் பெண்கள் அதில் கெட்டிக்காரிகள். தேதியே தெரியாவிட்டால் மகாலக்ஷ்மியாலும் முடியாது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே பார்லிமெண்டில் சட்டம் செய்தார்கள். 2020-ல் இயற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் டி.வி. சீரியல் முதலியவற்றில் உழைப்பவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் ஏஜெண்டின் வாய்ச்சொல்லே ஒப்பந்தமாகிவிடுவது சகஜம். விபத்து நடந்தால்தான் காகிதத்தைத் தேடுவார்கள். 2020 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் மாண்டார்கள். அதை மறக்கக் கூடாது.

எனவே, பிள்ளை அடுத்த முறை ஊருக்கு வரும்போது பஸ் காசைக் கொடுங்கள். கூடவே நாலு கேள்வியும் கேளுங்கள். சங்கக் கார்டு எடுத்தாயா? சந்தா பாக்கி இல்லையே? திரைப்படத் துறையினர் நல வாரியத்தில் பதிவு செய்தாயா? வேலைக்குப் போகுமுன் கூலியும் இன்ஷூரன்ஸும் எழுத்தில் இருக்கிறதா?

உங்கள் தெருவுக்கே ஒரு படக்குழு வந்து, "அம்மா, உங்கள் திண்ணை ரொம்ப லட்சணமாக இருக்கிறது, இரண்டு நாள் வேண்டும்" என்று கேட்டாலும் இதே முறைதான். சந்தோஷமாகக் கொடுங்கள். நடிகரோடு போட்டோவும் எடுத்துக் கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில், தூண் உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.