தேதியும் தகரமும்

1865 ஏப்ரலில், மொன்டானாவின் தங்க வயல்களுக்குச் சரக்கேற்றிப் போன பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகு மிசௌரி ஆற்றில் மூழ்கியது. ஆறு தடம் மாற, படகு வண்டலுக்கு அடியில் போய்விட்டது. 1968இல் அதைக் கண்டுபிடித்தபோது பீச் பழமும் சிப்பியும் தக்காளியும் தேனும் அடைத்த டின்கள் உள்ளே இருந்தன. 1974இல் வேதியியலாளர்கள் அவற்றைத் திறந்து சோதித்தார்கள். மணமும் தோற்றமும் கெட்டிருந்தன, வைட்டமின் சி பெருமளவு அழிந்திருந்தது. ஆனால் கிருமி வளர்ந்த தடயம் இல்லை. நூறாண்டு கடந்தும் அது உண்ணத் தகுந்த உணவுதான்.

இதற்கு நேர்மாறான கதைகளும் உண்டு. 1919, 1920இல் கலிபோர்னியாவிலிருந்து சீசாவில் அடைபட்டு வந்த ஆலிவ் காயைத் தின்று அமெரிக்காவின் பல ஊர்களில் மக்கள் இறந்தார்கள். கொன்றது பொட்டுலிசம், ஒரு கிருமியின் நஞ்சால் வரும் நோய். சரக்கு பழையதல்ல, சூடுதான் போதவில்லை. காற்றில்லாத இடத்தில் வளரும் அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்கில் தாங்கும். அமிலம் குறைந்த உணவை அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றியாக வேண்டும் என்ற தொழிற்சாலை ஒழுங்கு இத்தகைய சாவுகளின் வழியாகவே உறுதிப்பட்டது. 1810இல் நிக்கோலா அப்பேர் தன் பதப்படுத்தும் முறையைப் பிரான்சில் வெளியிட்டபோது அது ஏன் பலிக்கிறது என்று அவருக்கே தெரியாது. பாஸ்டர் பிறக்கவே இன்னும் 12 ஆண்டு இருந்தது.

டின் உணவின் நலம் அது மூடப்பட்ட நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அதன் பிறகு காலம் குறைப்பது சுவையை, நிறத்தை, சத்தை. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பான பண்டங்கள் தகரத்தை அரிப்பதால் ஒன்றரை ஆண்டுக்குள் தரம் இறங்கும். மீனும் இறைச்சியும் ஐந்தாண்டு வரைகூடத் தாங்கும்.

அப்படியானால் டின்னின் மேல் இருக்கும் தேதி எங்கிருந்து வந்தது? உற்பத்தியாளர்கள் தங்களுக்கு மட்டும் புரியும் குறியீடுகளைத்தான் நெடுங்காலம் பொறித்து வந்தார்கள். 1970களில் அமெரிக்க நுகர்வோர், எங்களுக்கும் புரியும்படி எழுதுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. பண்டம் எவ்வளவு புதியது என்று காட்ட வந்த அந்தத் தேதி, நாளடைவில் உயிருக்கு ஆபத்து தொடங்கும் நாளாக மனத்தில் பதிந்துவிட்டது. அமெரிக்க மத்தியச் சட்டம் இன்றும் குழந்தைகளுக்கான பால் மாவுக்கு மட்டுமே தேதியைக் கட்டாயமாக்குகிறது. பால் மாவுக்குத் தேதி மிகவும் தேவை.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் விதிகள் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கி, சுவைக்கான தேதியை விருப்பத்துக்கு விட்டுவிட்டன. பாலுக்கும் டின் மீனுக்கும் ஒரே சொல் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பாதுகாப்புக்கு ஒன்று, தரத்துக்கு ஒன்று என இரண்டையும் சட்டம் பிரித்துச் சொல்ல வேண்டும். நல்ல உணவு குப்பைக்குப் போகிறது என்பது ஒரு கவலை. தேதி மிச்சமிருக்கிறதே என்று கெட்ட டின்னை நம்பிவிடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய கவலை.

டின்னை வாங்கும்போது அதன் உடலைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால், கசிந்தால், ஓர மடிப்பில் ஆழமாக நசுங்கியிருந்தால், திறக்கும்போது பீறிட்டால், தேதி எதுவானாலும் எறிந்துவிடுங்கள். ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம். பொட்டுலிச நஞ்சு நாக்குக்குத் தெரியாது.