வாவிக்கரைப் பயறும் விதைவளமும்

உழுந்து, பயறு, கௌபி ஆகியவற்றின் இறக்குமதிக்கு 2020 ஆம் ஆண்டில் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தபோது, உளுந்து வடையின் விலையேற்றம் பற்றியே பலரும் பேசினர். இத்தானியங்களை உள்ளூரில் விளைவிப்பதற்கு வேண்டிய விதை எங்கே இருக்கிறது, அது எத்தகைய விதை என்ற வினா போதியளவு எழவில்லை. அவ்வினாவை இப்போதாவது எழுப்பவேண்டியுள்ளது.

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் சூழ, இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருப்பது ஆரையம்பதி. அயலில் காங்கேயனோடையும் பாலமுனையும் உள்ளன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபோது உயிர்களைக் காவுகொண்டதோடு நிலத்திலும் கிணறுகளிலும் உப்பைச் சேர்த்துவிட்டும் சென்றது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படுவான்கரை வயல்களுக்குச் செல்வது இலகுவாகியுள்ளது. பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் இடையே, ஏறத்தாழ அறுபத்தைந்து நாட்களில் விளையக்கூடிய பயறு இத்தகைய வயல்களுக்கு ஏற்றதொரு பயிராகும். பொங்கற் பானையில் பயறு இடம்பெறுவதுபோல நோன்புக் கஞ்சியில் அதனைச் சேர்ப்போரும் உண்டு.

எனினும், விதைக்க முற்படும் விவசாயிக்குக் கிடைப்பவை எம்.ஐ. 5, எம்.ஐ. 6 போன்ற ஒருசில இனங்களே. மஹஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இவ்வினங்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவை பெரும் பயன் அளித்தவை. ஆனால் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் சித்திர வைரஸ் நோய்க்கு ஓர் இனம் ஆட்படுமாயின், அதையே விதைத்த ஊர் முழுவதும் பாதிக்கப்படும். 1970 இல் அமெரிக்காவின் சோள வயல்கள் இவ்வாறே அழிந்தன. பெரும்பாலான வீரிய இனங்கள் ஒரே தாய்வழியிலிருந்து வந்தமையால், ஒரே பூஞ்சண நோய் அவை அனைத்தையும் பற்றிக்கொண்டது.

பயிர் விருத்தியாளர் இல்லாத ஒரு குணத்தைத் தம் விருப்பப்படி படைத்துவிடுவதில்லை. எங்கோ ஒரு செடியில் ஏற்கெனவே இருக்கும் குணத்தைத் தேடிப்பிடித்துக் கலப்பின் மூலம் வேறொரு செடிக்கு மாற்றுவதே பெரும்பாலும் அவர்தம் பணி. களஞ்சியத்தில் பயறைத் துளைத்து மாவாக்கும் வண்டை நாம் அனைவரும் அறிவோம். அதனை எதிர்க்கும் ஆற்றல், மடகஸ்காரில் சேகரிக்கப்பட்ட காட்டுப் பயறொன்றில் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980களில் கண்டறிந்தனர். உண்பதற்கு எவரும் விரும்பாத அச்சிறு விதை அலட்சியம் செய்யப்பட்டிருந்தால் அந்தக் குணமும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இலங்கையும் இவ்விடயத்தில் வறிய நாடன்று. எமது உலர்வலயத்தில் வளரும் பயற்றின் உறவுச்செடியொன்று 2002 ஆம் ஆண்டிலேயே புதிய தாவர இனமாக விஞ்ஞான உலகிற்கு அறிமுகமானது. கடற்கரை மணலில் அடம்பன் கொடிபோல் படர்ந்து மஞ்சட் பூப் பூக்கும் மற்றொரு காட்டுப்பயறு, கடும் உப்பையும் தாங்கி வளர்கிறது. சாதாரண பயறுடன் அதனை நேரடியாகக் கலப்பது எளிதன்று. ஆயினும் அது உப்பைத் தாங்கும் முறையை அறிந்துகொள்வது, கிணற்று நீர் உவராகிவரும் கரையோர மக்களுக்குச் சிறு விடயமாகாது. கரையோரக் கட்டுமானங்களுக்காக மணற்றிட்டிகள் மட்டப்படுத்தப்படும்போது இச்செடிகளும் மறைகின்றன என்பதை அதிகாரிகள் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

காட்டுச்செடிகளுக்கு மட்டுமன்றி வீட்டு விதைகளுக்கும் இழப்பு நேர்ந்துள்ளது. 1990 இன் பின்னர் இம்மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர்ந்து அலைந்தனர். உயிரைக் காக்க ஓடுபவர் விதைப்பானையைச் சுமந்து செல்வதில்லை. அப்படியே கொண்டு சென்றாலும் பசி வந்தபோது விதை உணவாகியிருக்கும். ஊர் திரும்பியோருக்கு நிவாரணமாகக் கிடைத்த விதை பயிரைத் தந்தது. பாட்டன் காலத்து இனத்தை மீட்டுத் தரவில்லை.

எஞ்சியிருப்பவற்றைத் தேடுவதற்கு இன்னமும் காலம் இருக்கிறது. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தேசிய விதை வங்கி இயங்குகிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையமும் உள்ளன. இவை ஒன்றிணைந்து, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கோயிலூர் பள்ளிவாசலூர் என்ற பேதமின்றி, முதியோரின் வீடுகளில் உள்ள பயறு, கௌபி, உழுந்து விதைகளைப் பெயரும் ஊரும் குறித்துச் சேகரித்தல் வேண்டும். அதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. விதையைக் கொடுத்த குடும்பத்திற்கு அதன் ஒரு பகுதியைப் பெருக்கித் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் அவசியம். இல்லையேல் மக்கள் நம்பிக் கொடுக்கமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. சாதாரண வீட்டில் வைத்த பயறு சில ஆண்டுகளிலேயே முளைதிறனை இழந்துவிடும். முறையாக உலர்த்திக் குளிரறையில் வைத்தால் அதுவே பல தசாப்தங்கள் உயிருடன் இருக்கும்.