தூசியில் எழுதிய எழுத்து



இம்மாதம் உங்கள் முன் ஒரு குற்றவாளியாக நின்று பேச வேண்டியவனாக இருக்கிறேன். விஷயம் சிறியதுதான்: ஒரு காரின் பானட்டில் விழுந்த கீறல். ஆயினும் அதன் காரணமாக ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நான்கு நாட்கள் மதரஸாவுக்கு வரவில்லை. காரைக் கண்ணாகப் பேணும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்ட இக்காலத்தில், எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2009 ஆம் ஆண்டின் மாருதி 800. கருநீல நிறம். வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய என் மச்சான் வாங்கி ஓட்டி, பெரிய வண்டிக்கு மாறியபோது எனக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. மதரஸா ஆசிரியனின் வருமானம் நீங்கள் அறியாததன்று. அந்தக் குறைந்த விலையையும் மூன்று ஆண்டுகளில் சிறுகச் சிறுக அடைத்தேன். 1983 டிசம்பரில் முதன்முதலாகச் சாலைக்கு வந்த அந்த வகை வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. எனது வண்டிக்கு 2024 இல் பதினைந்து ஆண்டுகள் நிறைந்து, பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, "இதை விற்றுத் தொலைத்தால் என்ன?" என்று என் வீட்டார் கேட்டார்கள். என் தாயாரைக் கடைசி முறையாகத் திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும், அங்கிருந்து வீட்டிற்குக் கொண்டுவந்ததும் அந்த வண்டியில்தான். விற்க மனம் வரவில்லை. செலவு செய்து புதுப்பித்தேன்.

இனி, தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சென்று வந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அரியலூர் வட்டாரத்தின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் படுகை படுகையாகக் கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் படிந்து இறுகியதே இந்தக் கல். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் சிப்பி ஓடுகளை இன்றும் முழுமையாகக் காணலாம். வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அரசு சிமெண்ட் ஆலை 1979 இல் வந்தது. தனியார் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றின் பின்னால் ஒரு காரை ஓட்டிச் சென்றால், வீடு வந்து சேரும்போது வண்டியின் நிறம் எதுவாக இருந்தாலும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். வரலாறு படித்தவன் என்பதால் எனக்கு ஓர் அற்ப ஆசை. பானட்டின் மேல் படிந்திருப்பது பழங்கடலின் ஒரு துளி என்று எண்ணிப் பார்ப்பேன். துடைக்கும்போது அந்த எண்ணம் வருவதில்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு நிகாஹுக்காக அரியலூர் சென்று இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பினேன். வண்டியைக் கழுவ உடலில் தெம்பில்லை. மதரஸா வாசலிலேயே நிறுத்திவிட்டு உறங்கச் சென்றேன். விடியற்காலைப் பனி தூசியின் மேல் இறங்கியது. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பிள்ளைகள் ஓத வரும் நேரத்தில் பானட் முழுவதும் புதிதாகச் சாணம் மெழுகிய தரையைப் போல ஒரே சீராக இருந்திருக்கிறது. எழுத்துப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அதைவிட நல்ல பலகை எங்கே கிடைக்கும்? அந்தச் சிறுவன் விரலால் அலிஃப், பே, தே என்று மூன்று எழுத்துகளை முழ நீளத்துக்கு எழுதிவிட்டான். கோடுகளை விரலால் எழுதியவன், நுக்தாக்களை மட்டும் கூழாங்கல்லால் அழுத்தி வைத்திருக்கிறான். புள்ளி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வகுப்பில் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்டவுடன் எனக்கு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அடிக்கவில்லை, ஆனால் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் அவனை நிற்க வைத்து, அவன் வீட்டாரையும் சேர்த்துப் பேசிவிட்டேன். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாளும் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கடிந்ததில்லை என்பதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். பேசி முடித்த ஆத்திரம் அடங்காமல், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பானட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். எழுத்துகள் தூசியோடு போகவில்லை. வெயில் ஏறியதும் நீலத்தின் மேல் வெள்ளிக்கம்பியாய் மின்னின.

மறுநாள் பெரம்பலூர் நான்கு ரோட்டுக்கு அப்பால் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அறுபதைக் கடந்தவர், அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்திலிருந்து இத்தொழிலில் இருப்பவர். பானட்டைச் சாய்வாகக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் எழுத்துகளின் குறுக்கே ஒருமுறை கீறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எழுதினது பையன், சரி. இந்த வட்ட வட்டமா இருக்கே, இதை யாரு பாய் போட்டது?"

நான் பேசவில்லை. துண்டு போன வழியெல்லாம் சிலந்தி வலையைப் போல நுண்ணிய கீறல்கள் சுழன்று கிடந்தன. சிறுவன் எழுதிய மூன்று எழுத்துகள் பானட்டில் கால்பங்கைக்கூட அடைக்கவில்லை. நான் துடைத்தது பானட் முழுவதும்.

அவர் விளக்கியதையும், பின்னர் நானே தேடிப் படித்து அறிந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். தூசியில் உள்ள சுண்ணாம்பு மென்மையானதுதான். அதனோடு கலந்திருக்கும் மணல் துகள்களோ கண்ணாடியைவிடக் கடினமானவை. உலர்ந்த துணியால் துடைக்கும்போது துணி வெறும் பிடிதான், தேய்ப்பது மணல். கார் பெயிண்ட் என்று நாம் சொல்வது உண்மையில் பல பூச்சுகள். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்புத் தரும் நிறமற்ற பூச்சு. இவையனைத்தும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மேலே உள்ள நிறமற்ற பூச்சு ஒரு தலைமுடியின் கனம்கூட இராது. சில வண்டிகளில், குறிப்பாகப் பழைய வண்டிகளில், அந்த மேற்பூச்சே இல்லாமல் நிறம் மட்டும் இருக்கும். மறைவான ஓர் இடத்தில் பாலிஷைத் தேய்த்துப் பாருங்கள்; துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் மேற்பூச்சு இல்லை என்று பொருள்.

நகத்தால் கீறிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. கீறலின் குறுக்கே நகம் வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமானது; ரப்பிங் காம்பவுண்டும், அதன்பின் நைசான பாலிஷும் போட்டால் மறைந்துவிடும். நகம் மாட்டினால் அது நிறத்தையோ பிரைமரையோ தொட்டுவிட்டது. தேய்த்து அதை எடுக்க முயல்வது, பள்ளத்தைச் சரிசெய்ய வயலையே வெட்டித் தாழ்த்துவது போன்றது. அங்கே பள்ளத்தில் மட்டும் நிறத்தைத் தொட்டு நிரப்ப வேண்டும். தகடு வெளியே தெரிந்துவிட்டால் நாளைக் கடத்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாட்களிலேயே துரு பிடிக்கும். துரு பெயிண்டுக்கு அடியில் பரவிச் செல்லும். பம்பரில் விழுந்த கீறலைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம். இக்காலத்துப் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக், அது துருப்பிடிப்பதில்லை. கருவேல முட்களுக்கு நடுவே செல்லும் நம் கிராமத்துச் சாலைகளில் கதவின் பக்கவாட்டில் விழும் கோடுகளும் பெரும்பாலும் முதல் வகைதான்.

வீட்டு வைத்தியம் சிலவற்றை உறவினர்கள் எனக்குச் சொன்னார்கள். தேங்காயெண்ணெய் தடவினால் கீறல் மறையும் என்றார்கள். மறையும், அடுத்த முறை கழுவும்வரை. பள்ளத்தில் எண்ணெய் நிறைந்து ஒளி சிதறாமல் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. பற்பசையும் ஒருவகைத் தேய்ப்புப் பொருள்தான். மிக மெல்லிய கோடுகளுக்குச் சற்றே பயன்படும், அதற்குமேல் ஒன்றுமில்லை. சலவைத்தூளால் கழுவுவோர் பலர். அது மெழுகுப் பூச்சை அரித்துவிடும். வண்டிக்கென்று விற்கும் ஷாம்புவே போதும். தூசி படிந்த வண்டிக்கு முதலில் வேண்டியது தண்ணீர், நிறையத் தண்ணீர். தொடாமல் மேலிருந்து கீழாக ஊற்றி, மணல் ஓடிய பிறகே துணியை எடுக்க வேண்டும். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது. அப்படியே காயவிட்டால் உப்புக்கறை படியும். ஈரத்தோடு மென்துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். சிமெண்ட் தெறித்து இறுகிப்போயிருந்தால் சுரண்டாதீர்கள். நன்றாக நீர்த்த வினிகரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு, இளகிய பின் கழுவிவிடுங்கள். இன்னொன்று: தூசியோடு வண்டியின் மேல் உறை போட்டு மூடுவது பாதுகாப்பன்று. காற்றில் உறை அசைய அசைய, நான் துண்டால் செய்ததை அது இரவெல்லாம் மெதுவாகச் செய்துகொண்டிருக்கும்.

நிற்க. முழு இன்சூரன்ஸ் இருக்கிறதே, கேட்டு வாங்கிக் கொள்ளலாமே என்று சிலர் எண்ணலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 சி.சி. வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் நம்முடையது. பெயிண்ட் பொருளின் விலையில் பாதி தேய்மானமாகக் கழியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோரிக்கை வைக்காதவருக்கு ஆண்டுதோறும் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறிச்செல்லும் பிரீமியத் தள்ளுபடி, ஒரே ஒரு சிறு கோரிக்கையால் அடுத்த ஆண்டு இல்லாமற் போகும். ஒரு கீறலுக்காக அந்த வாசலைத் தட்டுவது பெரும்பாலும் நட்டமே.

அண்டை வீட்டாரிடம் வசூலிக்கப் போவது அதைவிடப் பெரிய நட்டம். எங்கள் தெருவில் சைக்கிள் கைப்பிடி உரசியதில் தொடங்கிய பேச்சு, இரண்டு ஆண்டுகள் ஒரு வீட்டுத் திருமணத்திற்கு மறு வீட்டார் வராத அளவுக்குச் சென்றது. அந்தக் காரை உரியவர் விற்றும்விட்டார்.

பானட்டை முழுதாகப் பெயிண்ட் அடிக்க 3,500 ரூபாய் கேட்டார் பட்டறைக்காரர். கேட்டுவிட்டு அவரே வேண்டாம் என்றும் சொன்னார். பதினைந்து ஆண்டு வெயிலில் வண்டியின் நீலம் வெளுத்திருந்தது. தகட்டில் பொறித்திருக்கும் நிறக் குறியீட்டின்படி புதிதாகக் கலந்து அடித்தால், பானட் மட்டும் புதுமாப்பிள்ளையாய்த் தனித்துத் தெரியுமாம். "தேய்க்கிறதும் பார்த்துத்தான் தேய்க்கணும் பாய். ஃபிட்னஸுக்குப் போனப்பவே ஒரு தடவை தேய்ச்சிருக்கு. இன்னும் எத்தனை தடவைக்கு மேலே பூச்சு இருக்கு?" என்றார். கை மிஷினால் மெதுவாகப் பாலிஷ் போட்டு, நுக்தாக்களில் மட்டும் நிறம் தொட்டுவைப்பது என்று முடிவாயிற்று. எல்லாம் சேர்த்து 700 ரூபாய்.

வண்டியை எடுத்து வந்த அன்று மாலை அந்தச் சிறுவனின் தாய் வந்தார். நான்காம் நாள் அது. அவனுடைய அத்தா அரியலூரில் கல் லாரி ஓட்டுகிறவர். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். முந்தானையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

"எம்புட்டு ஆச்சுன்னு சொல்லுங்க அஜரத். மிச்சத்த அவுக அத்தா வந்ததும் தந்துடுறோம். புள்ள பள்ளிவாசத் தெருப் பக்கமே வரமாட்டேங்குறான். ராத்திரில எழுந்து உக்காந்துக்கிறான்."

பணத்தை வாங்கவில்லை. பட்டறைக்காரர் என்னிடம் கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். பையன் போட்டதைவிட நான் போட்டது அதிகம் என்றேன். அவருக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை; அஜரத் ஏதோ பெருந்தன்மைக்காகச் சொல்கிறார் என்று எண்ணியிருக்கலாம். அவர் போன பின்பு நானே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். சிறுவன் நெல் குதிருக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. பாயில் உட்கார்ந்து, அவன் தாய் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வண்டி கழுவணும். வாளி தூக்க ஆள் இல்லை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் ஓதல் முடிந்து வெயில் வந்ததும் அவன் வந்தான். பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்தபடி முதலில் நீரை மட்டும் ஊற்றினான். தூசி சாம்பல் நிறமாக ஓடியது. பிறகு ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பானட்டின் மேல் முகத்தை வைத்துச் சாய்வாகப் பார்த்தான். பாலிஷில் கோடுகள் போய்விட்டிருந்தன. தொட்டுவைத்த நிறம் மட்டும் சற்றே அடர்ந்த நீலமாய் மூன்று புள்ளிகளாகத் தெரிந்தது: கீழே ஒன்று, மேலே இரண்டு.

"அஜரத்," என்றான், "எழுத்தக் காணோம். நுக்தா மட்டும் இருக்கு."

எது பே, எது தே என்று கேட்டேன். விரலை வைக்காமல், தூரத்திலிருந்தே காட்டினான்.