வேலை இழந்தார்க்கோர் ஆற்றுப்படை

பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதான் ஒருவனை வழியிடைக் கண்டு, தான் சென்ற நெறியை எடுத்துரைத்து அவனையும் அந்நெறியில் செலுத்துதலே ஆற்றுப்படையென்று நம் வகுப்பில் பயின்றோம். பெரும்பாணாற்றுப்படை பாணனைத் தொண்டைமான் இளந்திரையனிடத்து ஆற்றுப்படுத்துகின்றது. அந்நூல் கூறும் நீர்ப்பெயற்று என்னுந் துறை மாமல்லபுரமே என்பாரும் உளர். அக்கரையில் இன்று வேலை இழந்து நிற்பவனுக்கு வழி கூறுவார் யாவர்?

யாம் அறிந்த இளைஞர் ஒருவர் மாமல்லபுரத்துக் கடையொன்றில் நான்காண்டு உழைத்தார். மிகைநேர வேலைக்குக் கூலி கேட்டார். மறுவாரமே, கல்லாவிற் பணம் குறைந்ததென்று கூறி, விசாரணை யாதுமின்றி அவரை நீக்கிவிட்டனர். திங்கள்தோறும் தம் சம்பளத்தினின்று இ.எஸ்.ஐ. தொகை பிடிக்கப்பட்டு வந்தமையால், அஃது இப்போது கைகொடுக்கும் என்று அவர் நம்பினார். 'பழி சுமந்து வெளியேறியவனுக்கு ஒன்றுங் கிடையாது' என்று செங்கற்பட்டில் அறிந்தார் ஒருவர் கூறவே, மனுவும் எழுதாது வீடு திரும்பினார்.

அவ்வறிவுரை முழுப் பொய்யன்று; முழு மெய்யுமன்று. 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம், வேலை இழந்த காப்புறுதியாளர்க்கு 90 நாள் வரை உதவிப்பணம் வகுத்தது. முதலில் சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 25 ஆக இருந்த அத்தொகை, 2020இல் 50 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் ஒழுக்கக்கேட்டிற்குத் தண்டனையாக நீக்கப்பட்டார்க்கு அதில் இடமில்லை. குற்றஞ் சாட்டப்படுதலும் குற்றம் மெய்ப்படுதலும் ஒன்றாகுமோ? தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் (1947) 41ஆம் பிரிவு, ஆறு திங்கள் தொடர்ந்து பணிபுரிந்தவரைத் தக்க காரணமும் ஒரு திங்கள் முன்னறிவிப்பும் இன்றி நீக்கலாகாது என்கின்றது. குற்றம் பற்றி நீக்குவதாயின் விசாரணை நடத்திச் சான்று பதிதல் வேண்டும். நீக்கப்பட்டவர் மேன்முறையீடும் செய்யலாம். ஆயினும் வழக்கு முடியுங்காறும் வயிறு பொறுக்குமோ?

2021 செப்டம்பரில் போர்டு நிறுவனம் தன் மறைமலைநகர்த் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அங்குக் கார் உற்பத்தி நின்றது. அத்தொழிலாளர் துயரம் பெரிதே. எனினும் அவர்கள் பலராய் நின்று, சங்கத்தின் வாயிலாக இழப்பீடு பற்றிப் பேச முடிந்தது. தனியனாய்த் தள்ளப்பட்ட கடைப்பணியாளனுக்கோ சங்கமுமில்லை, செய்தித்தாளுமில்லை.

பிரித்தானியர் 1911இல் சில தொழில்களுக்கு வேலையின்மைக் காப்புறுதி வகுத்தபோது, தன் தவற்றால் வேலை இழந்தவனுக்கும் ஆறு வாரமே உதவியை நிறுத்தினர். அதன்பின் அவனையும் பட்டினியில் விட்டிலர். நூறாண்டுக்கு முன்னரே பிறர் கண்ட இவ்விரக்கம் நமக்கு அரிதாதல் ஏன்?

ஆதலின், முறையான விசாரணையிற் குற்றம் நிறுவப்படுங்காறும், நீக்கப்பட்டவர்க்கு உதவிப்பணம் மறுக்கப்படலாகாது என்பதே எம் கருத்து. சோம்பரும் கள்வரும் இதனாற் பயனடைவர் என்பாரும் உளர். பாதிக் கூலியை மூன்று திங்கள் பெறுதற்காக நிலையான வேலையை இழக்க விழைவார் எத்துணையர்? குற்றவாளி ஒருவன் சில நாள் உண்பதினும், குற்றமற்றவன் பழியோடு பசியையும் சுமத்தலே பெருங்கேடு.

நண்பர்காள், சட்டத்தைத் திருத்துதல் நம் கையிலில்லை. மனு எழுதுதல் நம் கையிலுள்ளது. பணிநீக்கக் கடிதத்தைக் கேட்டுப் பெறுமாறும், சம்பளச் சீட்டுகளைப் பேணுமாறும், காலந் தாழாது மேன்முறையிடுமாறும் நம் தெருவினர்க்கு நாம் சொல்லலாம். யாம் இவற்றைக் கற்றறிந்து அவ்விளைஞரிடம் சென்ற மாலை, அவர் பழைய சம்பளச் சீட்டுகளைப் பெட்டியடியினின்று எடுத்து வந்தார். அன்றிரவே மேன்முறையீட்டு மனுவை எழுதி முடித்தோம். முடிவு யாதாகுமோ அறியோம். ஆயினும் வழி உண்டென்று ஒருவர்க்கேனும் கூறினோம்.