எத்தனை விருந்தினரை ஓர் ஊர் தாங்கும்?

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு கடலில் வாழும் ஒரு குடும்பம், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஒரு நாள் இறங்கினால் என்ன செய்யும்? குடிநீர் நிரப்பும், துணி துவைக்கும், ரொட்டி வாங்கும், மாலையில் புறப்பட்டுவிடும். ஊருக்கு அதனால் சுமையில்லை. சுமார் 5,000 பேர் வாழும் அதே ஊரின் முன் பெரிய சுற்றுலாக் கப்பலொன்று நங்கூரமிட்டால், சில மணி நேரத்தில் 3,000 பேருக்கு மேல் கரையேறக்கூடும்.

கப்பல் பயணிகள் நாளொன்றுக்கு 1,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என 2022 நவம்பரில் அவ்வூர் வாக்காளர்கள் முடிவெடுத்தனர். சுற்றுலாவை நம்பியிருந்த வணிகர்கள் வழக்குத் தொடுத்தனர். 2024 பிப்ரவரியில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அந்த வரம்பைப் பெருமளவு ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் அதை நீக்கும் முயற்சியும் வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது.

அந்தக் குறுகிய வித்தியாசம் கவனிக்கத்தக்கது. கடைக்காரரின் வருமானமும் குடியிருப்பவரின் நிம்மதியும் ஒரே தெருவில்தான் மோதுகின்றன. வரம்பு விதித்தால் இழப்பு உண்டு. அதை யார் சுமப்பது என்பதையும் ஊரே பேசித் தீர்க்க வேண்டும். ஆயினும், எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று சொல்லும் உரிமை அங்கு வாழ்பவர்களுடையது. அதைக் கப்பல் நிறுவனங்களின் கால அட்டவணையிடம் விட்டுவிடலாகாது.